ஐஸ் ஹவுஸ் ஏன் கடலை விட்டு இவ்வளவு தள்ளி நிக்குது?

போன வருஷம் ஜூன் மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு சென்னை விவேகானந்தர் இல்லத்துக்குப் போயிருந்தேன். பழைய பேர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி மெட்ராசுக்குக் கொண்டுவந்து, 1842ல் கட்டிய இந்தக் கட்டடத்தில் சேமித்து விற்றார்கள் என்ற கதையை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரிய தகவலைச் சொன்ன பெருமை எனக்கு. அவள் மாடியிலிருந்து கடலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அப்பா, ஐஸ் உருகிடும்ல? அப்போ கடல் பக்கத்துலயே கட்டாம ஏன் இவ்ளோ தூரத்துல கட்டினாங்க?"

நியாயமான கேள்வி. சாலையைத் தாண்டி, பூங்காவைத் தாண்டி, பஜ்ஜிக் கடைகளைத் தாண்டி, அதற்கப்புறம் சில நூறு மீட்டர் கொதிக்கிற மணல். நாலு மாசம் கடலில் வந்த ஐஸை இந்த மணலில் ஏன் ஒருத்தர் சுமக்கணும்? எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தது, ஒரு வருஷம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பதில் ஒரு வரிதான். அவங்க கடல் பக்கத்துலதான் கட்டினாங்க. கடல்தான் தள்ளிப் போயிடுச்சு. நாம பார்க்கிற மெரினாவின் பெரும்பகுதி அப்போ இல்லை.

ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னால் 250 கோடி வருஷப் பாறை, பருவக்காற்று, ஒரு துறைமுகம், திருவொற்றியூரில் இருக்கிற என் கல்லூரி நண்பனுடைய காணாமல் போன வீடு என்று நிறைய இருக்கு. ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் அந்தக் காலக் கரை. மெட்ராசுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. விரிகுடா இல்லை, தீவு இல்லை, நேர்கோடு போட்ட மாதிரி கரை. கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலா படகுகளில் அலையைத் தாண்டிக் கொண்டுவருவார்கள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிறால் தைத்த படகு அது. அலை தூக்கி அடிக்கும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். (இந்தப் படகைப் பற்றித் தனியாக எழுதணும்னு பட்டியலில் வைத்திருக்கிறேன்.) புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்குச் சுவருக்கு வெகு அருகிலேயே கடல் இருந்ததைப் பழைய படங்களிலும் வரைபடங்களிலும் பார்க்கலாம். அந்தக் கரையில்தான் ஐஸும் இறங்கியது.

அப்போ இந்த மணல் எங்கிருந்து வந்தது? இதைத் தெரிந்துகொள்ள நான் செய்த முதல் வேலை, பழைய ஹார்ட் டிஸ்க்கை உடைத்து அதிலிருந்த காந்தத்தை எடுத்தது. ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மெரினா மணலில் இழுத்துப் பாருங்கள். கவருக்கு வெளியே கறுப்பாக மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அலை வடிந்த இடத்தில் மை சிந்தின மாதிரி கறுப்புக் கோடுகள் தெரியுமே, அதே சமாச்சாரம்தான்: மேக்னடைட், இல்மனைட் மாதிரி இரும்புள்ள கனிமங்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பில் கார்னெட் துகள்களும் தெரியும். மற்றதெல்லாம் பெரும்பாலும் குவார்ட்ஸ். கடல் மணலைத் தயாரிக்கவில்லை என்பதற்கு இந்தக் கறுப்பே சாட்சி. இவை மலையில் பிறந்தவை.

சென்னை விமானத்தில் இறங்கும்போது பரங்கிமலையைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பல்லாவரம் குன்றுகளும் சார்னோகைட் என்ற பாறை. பேர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துக் கல். 1893ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அதை ஆராய்ந்து, செத்துப்போன சார்னாக் பேரையே பாறைக்கு வைத்துவிட்டார். உலகம் பூரா இப்போ அதே பேர்தான். சுமார் 250 கோடி வருஷம் முன்னால், பூமிக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் சூட்டில் உருவான பாறை அது.

அப்படின்னா அது எப்படி மேலே வந்தது? மேலே இருந்த 20 கிலோமீட்டரும் கரைந்து போனதால். மழை, வெயில், செடியின் வேர், மழைநீரில் இருக்கிற லேசான அமிலம் எல்லாம் சேர்ந்து பாறையைப் பொடியாக்கும். ஆறு அள்ளிக்கொண்டு போகும். கண்டத்தின் மேலோடு அதற்குக் கீழே இருக்கிற கனமான பாறை மேல் மிதக்கிறது. சுமை இறக்கிய தோணி மேலே எழும்புகிற மாதிரி, மேலே அரிக்க அரிக்க அடியிலிருப்பது எழும்பும். எழும்பியதை மழை திரும்ப அரிக்கும். பரங்கிமலைப் படியில் உட்கார்ந்திருக்கிறவர் ஒரு பழைய மலைத்தொடரின் அடிவயிற்றில் உட்கார்ந்திருக்கிறார். அந்த மலை உடம்பு முழுக்க மணலாகவும் களிமண்ணாகவும் கடலுக்குப் போய்விட்டது.

ஏன் கிழக்குக் கடலுக்கு? தீபகற்பம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கு. சுமார் 9 கோடி வருஷம் முன்னால் மடகாஸ்கர் நம் மேற்குப் பக்கத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. பிளந்த ஓரம் உயரமாகவே நின்றது; அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை. தலைக்காவிரி அரபிக்கடலிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனா காவிரி அந்தப் பக்கம் திரும்பாமல் 800 கிலோமீட்டர் கிழக்கே நடந்து பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழை மேற்கு மலையை நனைக்கிறது, மலை கரைகிறது, சரிவு கிழக்கே இருப்பதால் மணல் நம்ம பக்கம் வருகிறது. காற்று, மழை, பாறை, சரிவு நாலும் சேர்ந்தாதான் ஒரு பிடி மணல்.

கடலுக்கு வந்த மணல் அங்கேயே கிடக்காது. நடக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. கடற்கரையை நான் ஒரு பொருளாக நினைத்திருந்தேன், நிலம் மாதிரி, பட்டா போடுகிற இடம் மாதிரி. உண்மையில் அது ஒரு ஊர்வலம்.

கொட்டிவாக்கத்தில் காலை நடைக்குப் போகும்போது ஒரு ஆரஞ்சுப் பழத்தை அலையில் வீசிப் பார்த்தேன். (உடன் நடக்கிற ரிட்டயர்டு சார் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.) ஜூன் மாதம் அது. அலை தென்கிழக்கிலிருந்து கரையைச் சாய்வாகத் தொட்டது. பழம் சாய்வாக ஏறியது, வடியும்போது நேராகச் சரிவில் இறங்கியது. அடுத்த அலை மறுபடி சாய்வாக ஏற்றியது. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி, பத்து நிமிஷத்தில் என் காலடிக்கு 70 அடி வடக்கே போய்விட்டது. ஒவ்வொரு மணல் துகளும் இப்படித்தான் போகிறது. டிசம்பரில் அதே இடத்தில் இன்னொரு பழம் வீசினேன். வாடைக்காற்று அலையை வடகிழக்கிலிருந்து கொண்டுவந்தது. பழம் தெற்கே போனது.

அதாவது வருஷத்தில் சில மாசம் மணல் தெற்கே நடக்கும், அதைவிட அதிக மாசம் வடக்கே நடக்கும். கழித்துப் பார்த்தால் மிச்சம் வடக்கே. சென்னைக் கரையில் இந்த மிச்சம் வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர். குறைவாக, 3 லட்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லாரிக்கு 10 கன மீட்டர் என்றால் 30,000 லாரி. தினமும் 80 லாரிக்கு மேல் மணல், டிரைவர் இல்லாமல், டீசல் இல்லாமல், உங்க கண்ணெதிரே மெரினாவைக் கடந்துகொண்டிருக்கிறது. கரை ஒரே இடத்தில் இருப்பது போலத் தெரிவதற்குக் காரணம், போன அளவு திரும்ப வந்துகொண்டிருப்பதுதான். வரவும் செலவும் சமம். அவ்வளவுதான் கடற்கரை.

இந்த ஊர்வலத்துக்குக் குறுக்கேதான் துறைமுகத்தைக் கட்டினார்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு கை நீட்டின மாதிரி அலைத்தடுப்புச் சுவர், கிழக்கே பார்த்த வாசல். முடிகிற நேரத்தில், 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து பெரும்பகுதியை உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். ஆனா புயலைவிடப் பொறுமையான எதிரி மணல். தெற்கிலிருந்து நடந்து வந்த மணல் தெற்குச் சுவரில் முட்டி நின்றது. நிறைந்ததும் சுவரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டது. கடைசியில் பிரான்சிஸ் ஸ்ப்ரிங் துறைமுகத் தலைவராக இருந்த காலத்தில், கிழக்கு வாசலை மூடி வடகிழக்கில் புதிதாகத் திறந்தார்கள். வாஸ்து பார்த்து இல்லை, மணலைப் பார்த்து வாசலை மாற்றிய வீடு நம்ம துறைமுகம்.

முட்டி நின்ற மணல்தான் மெரினா. 1884ல் கவர்னர் கிராண்ட் டஃப் கரையோரம் நடைபாதை போட்டு, சிசிலியின் பலெர்மோ நினைவாக மெரினா என்று பேர் வைத்தபோது, மணல் சேர ஆரம்பித்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கப்புறம் வருஷா வருஷம் கடல் கிழக்கே தள்ளிப் போனது. மகளுக்கு இதைச் சொன்னேன். "அப்போ மெரினா ஒரு டிராஃபிக் ஜாமா?" என்றாள். ஆமாம்.

ஜாம் என்றால், ஜாமுக்கு அந்தப் பக்கம் ரோடு காலியாக இருக்கும். இங்கேதான் எனக்கு விஷயம் கசந்தது.

துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். இங்கேயும் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டேதான் இருந்தது, செலவு நிற்கவில்லை. வரவு நின்றுவிட்டது. 1876 முதல் 1975 வரை ராயபுரம் பக்கம் சுமார் 500 மீட்டர் கரை போய்விட்டதாகக் கடற்கரைப் பொறியியல் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. தெற்கே ஐஸ் ஹவுஸுக்குக் கிடைத்த அதே அளவு தூரம், வடக்கே எடுக்கப்பட்டிருக்கிறது. மெரினாவில் காற்று வாங்கின இத்தனை வருஷத்தில் இந்தக் கணக்கின் மறுபக்கத்தை நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

நண்பன் வீட்டுக்குப் போனேன். காலேஜ் காலத்தில் அவன் "எங்க பழைய வீடு கடல்ல இருக்கு"ன்னு சொல்லுவான், நாங்க சிரிப்போம். இந்தத் தடவை அவன் அம்மா என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எண்ணூர் விரைவுச்சாலையைத் தாண்டினால் கருங்கல் குவியல், அதற்கப்புறம் நேரே தண்ணீர்.

"தோ, அந்தப் படகு நிக்குது பாரு தம்பி, அதுக்கும் அந்தாண்ட எங்க வூடு. கிணறு இருந்துச்சு. நல்ல தண்ணி. நான் கல்யாணமாகி வந்தப்போ வாசல்ல வலை காய வைப்பாங்க. வூட்டுக்கும் கடலுக்கும் நடுவுல புள்ளைங்க பந்து ஆடுங்க."

"ஒரே புயல்ல போச்சாம்மா?"

"இல்லப்பா. வருசத்துக்குக் கொஞ்சம். முதல்ல பந்து ஆடுற இடம் போச்சு. அப்புறம் வலை காய வைக்கிற இடம். புயல் வந்தது கடைசிலதான்."

நான் பத்துக் கட்டுரை படித்துப் புரிந்துகொண்டதை அவர் நாலு வரியில் சொல்லிவிட்டார். புயல்தான் வீட்டை இடித்தது என்று பேப்பரில் வரும். ஆனா அலையின் வேகத்தைத் தாங்குகிற மெத்தை அந்த மணல்தான். அது மெல்ல மெல்லக் காலியான பிறகு, சாதாரணப் புயலே போதும். அவர் சொன்ன நல்ல தண்ணியும் அதே மணலின் உபயம். மழைநீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கும். 1772ல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க ஏழு கிணறு தோண்டியது இப்படி ஒரு மணல்மேட்டில்தான். கரை போனால் கிணறும் உப்பாகும்.

கல் கொட்டினால் நிற்காதா? கல்லுக்குப் பின்னால் இருக்கிற நிலம் நிற்கும். கல்லுக்கு முன்னால் இருக்கிற மணல் நிற்காது. சரிவான மணலில் ஏறி வருகிற அலை களைத்துப் போகும். சுவரில் மோதுகிற அலை அதே கோபத்தோடு திரும்பி அடிமணலைத் தோண்டும். சுவர் முடிகிற இடத்துக்கு வடக்கே அரிப்பு இன்னும் கூடும். சாஃப்ட்வேரில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டின எனக்கு இது நல்லாவே தெரிந்த வியாதி: என் மாட்யூலில் பக் சரியாகிவிட்டது, அடுத்தவர் மாட்யூலில் முளைத்துவிட்டது, டிக்கெட்டை நான் மூடிவிட்டேன்.

2004 வாக்கில் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் தூண்டில் வளைவுகள் போட ஆரம்பித்தார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள். நடந்து போகிற மணலைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். சில இடங்களில் உண்மையாகவே மணல் சேர்ந்திருக்கு. படகு ஏற்ற இடம் கிடைத்திருக்கு, மறுக்கவில்லை. ஆனா அவை மணலைத் தயாரிப்பதில்லை. ஒரு வளைவு பிடித்து வைத்தது, அடுத்த ஊருக்குப் போயிருக்க வேண்டியது. அதனால் ஒவ்வொரு ஊரும் "எங்களுக்கும் தூண்டில் வளைவு வேணும்"னு கேட்கிறது. கேட்பது நியாயம்தான், வேற என்ன செய்வாங்க?

புதுச்சேரியில் இதே கதையை வேகமாக ஓட்டிப் பார்க்கலாம். 1980களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகச் சுவர் கட்டினார்கள். சில வருஷத்திலேயே பீச் ரோட்டுக்கு முன்னால் இருந்த மணல் காலி; கறுப்புக் கற்கள் மட்டும் மிச்சம். என் வயசுக்காரர்கள் பல பேர் அங்கே பீச் என்றால் பாறைதான் என்று நினைத்தே வளர்ந்தோம். கல் சுவர் நீள நீள, அரிப்பு வடக்கே பொம்மையார்பாளையம் பக்கத்து மீனவக் கிராமங்களுக்கு நகர்ந்தது. 2018ல் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் தண்ணீருக்கு அடியில் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைத் திட்டை வைத்தது. அலை அதில் தடுக்கி வேகம் குறைந்து மணலைப் போட்டுவிட்டுப் போகிறது. ஊருக்கு நடுவே மறுபடி ஒரு கடற்கரை வந்தது. நான் போய் அதில் உட்கார்ந்தும் வந்தேன், சந்தோஷமாகவே இருந்தது.

மெரினாவுக்கும் ஜாமால் லாபம் மட்டும் இல்லை. கூவம் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்கிறது. ஆற்றில் வேகமான தண்ணீர் இருந்தால் தள்ளிவிடும். வருஷத்தில் பெரும்பாலான நாள் இல்லை. கடல் தண்ணீர் ஏறி இறங்கிக் கழுவுவதும் நின்றுபோகிறது. கூவம் நாற்றத்துக்குக் காரணம் சாக்கடைதான், ஆனா அது வெளியே போக முடியாமல் தேங்குவதில் மணலுக்கும் பங்கு உண்டு.

மாற்று வழி இல்லாமல் இல்லை. தெற்கே சேருகிற மணலை எடுத்து வடக்கே போட்டுவிடலாம். ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் பம்ப் வைத்துக் குழாய் வழியாக இதைத் தினசரி வேலையாகச் செய்கிறார்கள். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாருகிற மணலை ராமகிருஷ்ணா பீச்சில் கொட்டுகிறார்கள். கல் ஒரு தடவைச் செலவு, திறப்பு விழா உண்டு. மணல் தள்ளுவது வருஷா வருஷம் செய்கிற மெயின்டெனன்ஸ். அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது. எந்தப் ப்ராஜெக்டிலும் மெயின்டெனன்ஸ் பட்ஜெட்டைத்தான் முதலில் வெட்டுவார்கள், நான் இருந்த எல்லா கம்பெனியிலும் அப்படித்தான்.

இதில் இன்னொரு சிக்கல். துறைமுகத்தை நாளைக்கே மாயமாக்கிவிட்டாலும் பழைய வரவு திரும்ப வராது. 1934ல் மேட்டூர் அணை வந்தது. அணை தண்ணீரைத் திறந்துவிடும், மணலைத் திறந்துவிடாது. அது நீர்த்தேக்கத்தின் அடியில் படிந்துவிடும். அணைக்குக் கீழே மிஞ்சிய ஆற்று மணலை நாம் அள்ளிவிட்டோம். சென்னைக்குத் தெற்கே கடலில் சேரும் பாலாறு, வெள்ளம் வந்தால்தான் ஆறு. மற்ற நாளில் லாரி போகிற பாதை.

2009ல் நான் ஃப்ளாட் வாங்கினபோது பில்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் தொழில்நுட்பமாகக் கேட்டேன்: "ஆத்து மணல்தானே சார்?" அவர் "சுத்தமான பாலாத்து மணல் சார்" என்றார். எனக்கு நிம்மதி. என் வீட்டுச் சுவரில் இருப்பது, சில நூறு வருஷத்தில் மெதுவாக நடந்து மெரினாவையும் தாண்டித் திருவொற்றியூர் பக்கம் போயிருக்க வேண்டிய மணல்.

நண்பனின் அம்மாவிடம் இதைச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை, மன்னிப்புக் கேட்கிற மாதிரிகூட இருந்தது. அவர் தூண்டில் வளைவின் தெற்குப் பக்கத்தில் சேர்ந்திருந்த மணலைக் காட்டினார். சின்ன முக்கோணம், நாலு ஃபைபர் படகு நிற்கிற அளவு. "போன வருசம் மூணுதான் நின்னுச்சு" என்றார். நான் காலடியால் அளந்தேன். கல்லிலிருந்து தண்ணீர் வரை 31 அடி வைத்தேன். வாடை முடிந்து பிப்ரவரியில் திரும்பப் போய் அளந்தபோது 26. இந்த ஜூன் மாசம் மறுபடி போகணும். மகள் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து வைத்திருக்கிறாள்.